மெடல் குடுக்க என்னையக் கூப்புடறீங்க

வாங்க தம்பி. அந்தத் துண்டுக் கட்டை அக்கட்ட தள்ளி வெச்சுட்டு உக்காருங்க. துண்டு ஓரத்துப் பிசிறு நூலை வெட்டற வேலைங்க. நாளைக்குக் காலையில கம்பெனி வண்டி வந்துரும், அதுக்குள்ள முடிச்சாகோணும். நீங்க பேசுங்க. கை பாட்டுக்கு வெட்டிக்கிட்டு இருக்கும், காது உங்ககிட்டத்தான் இருக்கும்.

ஆருக்கு? எங்க சம்பந்திக்கா? வெள்ளியங்கிரி அண்ணனுக்கா மெடலு?

அட போங்க தம்பி. அவரு எங்க குடிச்சாரு? கரண்டு ஆபீசுல முப்பது வருசம் வேலை பாத்து, ஒருத்தன் விரல் நீட்டிப் பேசாம ரிட்டேர்டு ஆன மனுசன். குடிச்சாரு, இல்லைங்கல. கதவைச் சாத்திக்கிட்டு, பொண்டாட்டிக்கும் பாதி தெரியாம, மரியாதையாக் குடிச்சாரு. எங்கூட்டுக்காரராட்ட பஸ் ஸ்டாண்டுல வேட்டி அவுந்து கெடந்தாரா? அவருக்கும் மெடலு, இவருக்கும் மெடலுங்கறீங்க. சரி, உங்க சட்டம் உங்களுக்கு.

வர்ற ஞாயித்துக்கெழமை அவரு நிறுத்தி ஒரு வருசம் ஆகுதாக்கும். அதை நான் வந்து என் கையால குடுக்கோணுமாக்கும். அவரே சொல்லி அனுப்புனாரா? "சிந்தாமணி தங்கச்சி கையாலதான் வாங்குவேன்"னாரா? ஏனுங்க தம்பி, தாலி அறுத்தவ நானு. எங்கூட்டுக்காரருக்கு வருச திதி கூட இன்னும் வரல. நான் போயி நாலு பேரு முன்னால நின்னு மெடல் குடுத்தா நல்லாவா இருக்கும்? அதெல்லாம் நீங்க பாக்கறதில்லைன்னு சொல்லாதீங்க. நீங்க பாக்கலைன்னா ஊரு பாக்காதா?

நீங்கெல்லாம் கூடற அந்த மாடியைக் கண்டுபுடிச்சவளே நாந்தான், அது உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. ஆரும் சொல்லியிருக்க மாட்டாங்க. எங்கூட்டுக்காரரு பேசறப்பக்கூட "டேனியல் சாரு என்னையக் காப்பாத்துனாரு"ன்னுதான் பேசுவாரு. டேனியல் சாரு வந்து கூட்டிட்டுப் போனாரா? நானு கூட்டிட்டுப் போனேன்.

பஸ் பாடி கட்டற பட்டறையில தகர வேலை அவருக்கு. இந்தக் கரூருல அவராட்ட ரிவிட் அடிக்க ஆளில்லைம்பாங்க. காலையில போறப்பவே ஒரு கட்டிங் போட்டாத்தான் கை நிக்கும், நிக்கற கையிலதான் ரிவிட் நிக்கும். அப்படியே இருவது வருசம். நான் பண்ணாத வைத்தியமா? மலையாளத்து மருந்துன்னு ஒரு பொடி, தெரியாம ரசத்துல கலந்து குடுத்தேன். வயித்தாலதான் போச்சு, குடி போகல. குடி மறக்க வெக்கற மையம்னு ஒண்ணுல நாப்பது நாளு கொண்டுபோயி விட்டேன். கட்டி வெச்சு அடிச்சு அனுப்புனாங்க. வந்த அன்னிக்கே குடிச்சாரு.

அப்பறம் ஒரு நாளு கையெல்லாம் நடுங்கி, மேலு பூராம் பூச்சி ஊறுதுன்னு சொவத்தைத் தட்டிக்கிட்டுக் கெடந்தாரு. பெரியாஸ்பத்திரியில சேத்தோம். அங்கதான் ஒரு நர்சம்மா சொன்னாங்க. "அக்கா, நாங்க சரி பண்ணி அனுப்பிருவோம், வீட்டுக்கு வந்து மறுக்காக் குடிப்பாரு. குடிச்சு நிறுத்துனவங்களே கூடிப் பேசற எடம் ஒண்ணு இருக்குது. டாக்டரு கெடையாது, பீசு கெடையாது. சர்ச்சுக்குப் பின்னால, டியூசன் சென்டரு மாடியில, ஞாயித்துக்கெழமை பொழுதோட அஞ்சு மணிக்கு." டாக்டரும் இல்லாம பீசும் இல்லாம என்ன வைத்தியமோன்னு நெனச்சேன். ஆனா நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தா ஆகுமா?

போனா, போர்டு கெடையாது. எப்படிங்க கண்டுபுடிக்கறது? ஒரு மளிகைக் கடையில போயி, "குடிகாரங்க கூடற எடம் எங்கீங்க?"ன்னு கேட்டேன். அந்தாளு பிராந்திக் கடைக்கு வழி சொல்றான்! பக்கத்துல நின்ன பொம்பளை, "கட்சி மீட்டிங்கா?"ங்கறா. அந்தத் தெருவுல மூணு நடை நடந்தேன். வெய்யில் மண்டையைப் பொளக்குது. கடைசியில தள்ளுவண்டியில துணி தேக்கறவரு ஒருத்தரு, பெட்டியைக் கீழ வெச்சுட்டு, என் மூஞ்சியைப் பாக்காமயே கையை மட்டும் நீட்டி ஒரு மாடிப்படியைக் காட்டுனாரு. பின்னாலதான் தெரிஞ்சுது, அவரே அங்க வர்றவருன்னு. அன்னிக்கு ஒரு வார்த்தை, "நானும் அங்கதாம்மா போறேன்"னு சொல்லியிருந்தா எத்தனை தெம்பா இருந்திருக்கும். சொல்லல.

அடுத்த வாரம் இவரை இழுத்துட்டுப் போனேன். படி வரைக்கும் வந்தாரு. மேல இருந்து கொல்லுனு சிரிப்புச் சத்தம். "குடிகாரனைப் பாத்துச் சிரிக்கறாங்க"ன்னு திரும்பிட்டாரு. அதுக்கும் அடுத்த வாரம் பின்னால நின்னு முதுகைப் புடிச்சுத் தள்ளுனேன். நெசமாத் தள்ளுனேனுங்க. ஏழாவது படியிலயோ எட்டாவது படியிலயோ, கூட்டத்தை நடத்தற டேனியல் சாரு எறங்கி வந்து கையைப் புடிச்சுக்கிட்டாரு. நான் விட்ட எடத்துல அவரு புடிச்சாரு, அவ்வளவுதான்.

"அம்மா, நீங்க கீழ இருங்க. மாசக் கடைசி ஞாயித்துக்கெழமை மட்டுந்தான் வீட்டாளுங்க வரலாம்"னாரு. நான் அந்தத் தேப்பு வண்டிக்குப் பக்கத்துல ஒண்ணேகால் மணி நேரம் உக்காந்திருந்தேன். எறங்கி வந்தாரு. மூஞ்சி வேற மாதிரி இருந்துச்சு. "சிந்தா, அங்க ஒருத்தரு பேசுனாரு. அத்தனையும் என்ற கதை. நான் வாயே தொறக்கல, என்ற கதையை அவரு சொல்றாரு"ன்னாரு. நான் இருவது வருசமாத் தொண்டை கிழியச் சொன்னேன், ஏறல. எவரோ ஒருத்தரு ஒரு மணி நேரம் சொன்னது ஏறிருச்சு. எனக்கு அழுகையும் வந்துச்சு, ஆங்காரமும் வந்துச்சு.

ஆனா நிறுத்திட்டாரு தம்பி. அதை நான் மறைக்க மாட்டேன். ஒரு வருசம், ஒரு சொட்டு இல்ல. ஒரு நாளு சோத்துல உக்காந்து, "ரசத்துல உப்பு எச்சா இருக்குது"ன்னாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்ன போட்டாலும் தெரியாது அந்த மனுசனுக்கு. உப்பு எச்சாம். "வேணும்னா தின்னுங்க, இல்லைன்னா எந்திரிங்க"ன்னு சண்டை போட்டேன். சண்டை போட்டுட்டு அடுப்படியில போயி நின்னு அழுதேன், அத்தனை சந்தோசம்.

டேனியல் சாரு அப்பவே என்கிட்டச் சொன்னாரு. "சர்க்கரை வியாதிக்காரனுக்கு மாத்திரையாட்டந்தாம்மா இது. வாரம் தப்பக்கூடாது. இங்க வந்து உள்ளதை உள்ளபடி பேசிட்டா வெளிய பொழச்சுக்குவாரு. பேச்சு நின்னா குடி வந்துரும். அவரு ஈரலுக்கு இனி குடி வந்தா ஆளு தங்க மாட்டாரு." சொன்னாரு. சொல்லலைன்னு நான் சொல்லல.

கோகிலாவுக்கு எடம் வந்தது அந்தச் சமயத்துலதான். எங்களுக்கு ஒரே புள்ளை. பரமத்திப் பக்கம் நல்ல குடும்பம், மாப்பிள்ளை திருப்பூருல பெரிய கம்பெனியில வேலை. நிச்சயம் முடிஞ்சு கார்த்திகையில கல்யாணம்னு பேசியாச்சு. அப்பத்தான் ஆரோ கெரகம் புடிச்சவங்க சம்பந்தியம்மா காதுல ஓதி வெச்சுட்டாங்க, பொண்ணோட அப்பன் குடிகாரன்னு. சம்பந்தியம்மா போனு பண்ணி, சுத்தி வளச்சுக் கேக்கறாங்க. எனக்கு வெசனம் தாங்கல.

அந்த நேரத்துல இவரு சொல்றாரு: "சிந்தா, வர்ற கடைசி ஞாயித்துக்கெழமை எனக்கு அங்க பொறந்தநாளு. குடியை விட்டு ஒரு வருசம். மெடல் குடுப்பாங்க. நீயும் கோகிலாவும் வாங்க."

மெடலு! நீங்களே சொல்லுங்க தம்பி, மெடல்னா ஆரு என்ன நெனப்பாங்க? மேடை, மைக்கு, பொன்னாடை, நாலு நல்ல வார்த்தை. ஒரு பாராட்டு விழாவாட்டம் இருக்கும்னு நெனச்சேன். சம்பந்திங்களையும் கூப்பிட்டுட்டா, அவங்க கண்ணால பாத்துட்டா, ஓதுன வாயெல்லாம் அடைஞ்சு போகுமே. "எங்கூட்டுக்காரரைப் பாராட்டறாங்க, நீங்க ரெண்டு பேரும் வந்தே ஆகோணும்"னு போனு போட்டுக் கூப்பிட்டேன். ஜவுளிக் கடையில ஜரிகை வெச்ச பொன்னாடை ஒண்ணு வாங்குனேன். ஒரு குண்டா நெறைய கேசரி கிண்டுனேன்.

இவருகிட்டச் சொன்னதும் மூஞ்சி செத்துப்போச்சு. "அவங்க வேண்டாம் சிந்தா. அங்க பேசறது வேற மாதிரி. நான் அங்க பொய் பேச முடியாது."

"பொய் ஆரு பேசச் சொன்னாங்க? முன்ன குடிச்சேன், இப்பக் குடிக்கறதில்ல, எல்லாருக்கும் நன்றி. மூணு வார்த்தை. மெடலை வாங்கிட்டு எறங்குங்க"ன்னேன். பேசாமப் போயிட்டாரு. பேசாமப் போனா சரின்னுதான அர்த்தம்?

நீங்க அன்னிக்கு முன்னால பெஞ்சுல இருந்தீங்க, எனக்கு ஞாபகம் இருக்குது. பெஞ்சா அது? சின்னப் புள்ளைங்க உக்கார்ற பெஞ்சு. எங்க சம்பந்தி ஆறடி ஆளு, முட்டி தாடையில இடிக்க உக்காந்திருக்காரு. மேடையும் இல்ல, மைக்கும் இல்ல. கரும்பலகையில எவனோ போட்ட கணக்கு.

இவரு எந்திரிச்சாரு. "என் பேரு சென்னியப்பன். நான் ஒரு குடிநோயாளி"ன்னாரு. நீங்க அத்தனை பேரும் "வணக்கம் சென்னியப்பன்"னு பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களாட்டச் சொல்றீங்க. சம்பந்தியம்மா என்ற காதுகிட்ட வந்து, "இன்னுமுங்களா?"ங்கறாங்க. ஒரு வருசம் ஆச்சு நிறுத்தி, அப்பறமும் "நான் குடிநோயாளி"ன்னா, கேக்கறவங்க என்ன நெனப்பாங்க? "இருந்தேன்"னு சொன்னா என்ன கொறைஞ்சு போகும்? மெதுவா அவரு சட்டை நுனியைப் புடிச்சு இழுத்தேன். அவரு திரும்பவே இல்ல.

அப்பறம் பேசுனாரு பாருங்க. பட்டறையில திருடுனது. பெத்த அப்பன் பொணம் வீட்டுல கெடக்க, கொள்ளி வெக்க வேண்டிய மகன் கடையில கெடந்தது. அதாவது போகட்டும், ஊருக்கே தெரிஞ்ச கதை. அப்பறம் நிறுத்தி, தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, சொன்னாரு:

"என்ற புள்ளை கையில ஒரு தழும்பு இருக்குது. சின்ன வயசுல வெந்தண்ணிக் குண்டாவை அவளே இழுத்துக் கொட்டிக்கிட்டான்னு சொல்லி வெச்சிருக்கோம். அவளும் அதையே நம்பிட்டு இருக்கறா. அவ கொட்டல. சோறு ஆறிப்போச்சுன்னு அடுப்பை எட்டி ஒதைச்சவன் நானு. புள்ளை பக்கத்துல உக்காந்து பாடம் எழுதிட்டு இருந்துச்சு. ஆறு வயசு. பதினெட்டு வருசம் என்ற பாவத்தை அவ தலையில வெச்சுட்டு நான் நடந்திருக்கேன்."

தம்பி, அந்தத் தழும்பு மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் இருக்குது. பொண்ணு பாக்க வந்த அன்னிக்குச் சம்பந்தியம்மா கேட்டாங்க. "துடுக்குப் புள்ளைங்க, அதுவே இழுத்துக் கொட்டிக்கிச்சு"ன்னு நானும் சிரிச்சுக்கிட்டே சொன்னேன். கோகிலாவும் கூடச் சிரிச்சா. அதை அத்தனை பேரு முன்னால, சம்பந்தியை உக்கார வெச்சுக்கிட்டு, பொய்யின்னு போட்டு ஒடைக்கறாரு.

கோகிலா என்னையப் பாத்தா. அப்பனை இல்ல, என்னையப் பாத்தா. அப்பறம் எந்திரிச்சுப் போயி அவருகிட்ட நின்னு, அந்தக் கையை அவரு கையில குடுத்தா. அவரு தேம்பித் தேம்பி அழுதாரு. நீங்கெல்லாம் கண்ணைத் தொடைக்கறீங்க. எனக்கு எங்க கண்ணீரு வரும்? கல்யாணம் போச்சேன்னு சம்பந்தி மூஞ்சியையே பாத்துட்டு இருக்கேன்.

நான் என்ன தப்புப் பண்ணுனேன், சொல்லுங்க. ஆறு வயசுப் புள்ளைகிட்ட உங்கப்பந்தான் உன்னையச் சுட்டான்னு சொல்ல முடியுமா? அப்பன் மேல வெறுப்பு வந்துருமேன்னுதான் மாத்திச் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன், அப்பறம் அதுவே பழகிருச்சு. ஏதாவது கீழ போட்டு ஒடைச்சுட்டா, "கையைச் சுட்டுக்கிட்டும் புத்தி வரலை பாரு"ன்னு வைவேன். அது வாய்ப்பழக்கம், மனசுல இருந்து வர்றதில்ல. இப்ப அவ வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை போனு பண்ணி, "சாப்பிட்டியா"ன்னு கேட்டுட்டு வெச்சர்றா. அஞ்சு மாசம் முழுகாம இருக்கறா. அதைக்கூடச் சம்பந்தியம்மா சொல்லித்தான் தெரியும் எனக்கு.

கூட்டம் முடிஞ்சு கேசரியைக் கொண்டுபோயி நீட்டுனேன். சம்பந்தி தொடல. எந்திரிச்சு விறுவிறுன்னு படி எறங்குனாரு. கைப்புடிச் சொவத்தைப் புடிச்ச கை வெடவெடன்னு ஆடுச்சு. கோவத்துல ஆடுதுன்னு நெனச்சேன். நீங்களா இருந்தா என்ன நெனச்சிருப்பீங்க?

திங்கக்கெழமை போனு இல்ல. செவ்வாய் இல்ல. புதன் இல்ல. நானாக் கூப்பிட்டா எடுக்கல. வியாழக்கெழமை காலையில எனக்குத் தாங்க முடியல. சாமி படத்துக்கு முன்னால தாம்பாளத்துல கற்பூரத்தை ஏத்துனேன். "புள்ளை வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்க. இனிமே அந்த மாடிப்படி ஏற மாட்டேன், அந்த ஆளுங்ககூடப் பேச மாட்டேன்னு அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க"ன்னேன்.

"சிந்தா, குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்றேன்"னாரு.

"அதை நாலாயிரம் தடவை பண்ணியாச்சு. அது வேண்டாம். இதைப் பண்ணுங்க. இல்லைன்னா நான் இந்த வீட்டுல உசுரோட இருக்க மாட்டேன்."

கற்பூரம் எரிஞ்சுட்டே இருக்குது. அப்பறம் உள்ளங்கையை வெச்சு அமுக்கி அணைச்சாரு. கை பொத்துப் போச்சு. நாந்தான் தேங்கா எண்ணெய் போட்டு விட்டேன்.

குடிச்சாரான்னா, ஒடனே இல்ல. ஞாயித்துக்கெழமை நாலரை ஆனா மூஞ்சி கழுவி, வெளிச் சட்டையை மாட்டிக்கிட்டு, கட்டில்ல சும்மா உக்காந்திருப்பாரு. ஏழு மணி வரைக்கும். அப்பறம் கழட்டிருவாரு. நாலு வாரம் அப்படி. அஞ்சாவது வாரம் பட்டறையில இருந்து வர்றப்பவே வாடை. அழுகல, கத்தல, முன்னாட்ட அடிக்க வரல. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. பதினோரு நாளு குடிச்சாரு. பன்னண்டாம் நாளு வாசல்ல ரத்த ரத்தமா வாந்தி எடுத்தாரு. ஆஸ்பத்திரியில மூணு நாளு. கோகிலா அவரு கையைப் புடிச்சுக்கிட்டே இருந்தா. நான் கால் பக்கம் நின்னேன். புரட்டாசி கடைசிச் சனிக்கெழமை காலையில முடிஞ்சுது.

காரியத்துக்குச் சம்பந்தி வந்தாரு. வந்து, அத்தனை ஒறம்பரைச் சனம் இருக்கறப்ப, என்னையத் தனியாக் கூப்பிட்டு, அவரு வேட்டி முந்தியில மூஞ்சியைப் பொத்திக்கிட்டு அழறாரு. "தங்கச்சி, அன்னிக்கு அவரு பேசுனது பூராம் என்ற கதை. நானும் ஒரு நாளு என்ற பையனைத் தூக்கிச் சொவத்துல அடிச்சிருக்கேன். ஆருக்கும் தெரியாது. உங்க மூஞ்சியில முழிக்கத் தெம்பில்லாம போனை எடுக்கல. அடுத்த ஞாயித்துக்கெழமையே அந்த மாடிக்குப் போனேன், அவரைப் பாத்துக் கையைப் புடிச்சுக்கோணும்னு. அவரு வரல. வருவாரு வருவாருன்னு வாராவாரம் போயி உக்காந்தேன்"ங்கறாரு.

கல்யாணத்தை நிறுத்தற நெனப்பே அவருக்கு இல்லையாம்! தை மாசம் எளிமையா முடிச்சாரு. நானு என்னத்துக்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்ல.

இப்பச் சொல்லுங்க தம்பி. மூணாவது ஞாயித்துக்கெழமை இந்தக் கேட்டுல வந்து நின்னீங்கல்ல, நீங்களும் டேனியல் சாரும்? ஆமா, நீங்கதான். ஊதாச் சட்டை. "சென்னியப்பன் ரெண்டு வாரமா வரல, ஒடம்புக்கு முடியலீங்களா"ன்னு கேட்டீங்க. அன்னிக்கு எங்க சம்பந்தி உங்க மாடியில உக்காந்திருக்காரு. இவருக்காகத்தான் உக்காந்திருக்காரு. அது உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு வார்த்தை, "உங்க சம்பந்தி அங்க வந்திருக்காரும்மா"ன்னு சொல்லியிருந்தா, நானே அவரு கையைப் புடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டு வந்து விட்டிருப்பேனே! கற்பூரமாவது ஒண்ணாவது! ஏன் சொல்லல?

ஆரு வர்றாங்கன்னு வெளிய சொல்லக்கூடாது. தெரியும், தெரியும். அதுதான் உங்க சட்டம். உசுரு போறப்பக்கூடவா தம்பி சட்டம்?

நான் என்ன சொன்னேன் உங்களுக்கு? தாராபுரம் போயிருக்காரு, வேலை விசயமா, வர ஒரு மாசம் ஆகும்னேன். சொன்னதும் டேனியல் சாரு கையைக் கும்பிட்டுட்டுத் திரும்பிட்டாரு. நீங்க ஒரு கணம் நின்னீங்க. வாசல்ல அவரு செருப்பு கெடந்துச்சு. நீங்க அதைப் பாத்தீங்க, நானும் நீங்க பாத்ததைப் பாத்தேன். பாத்தும் போயிட்டீங்களே தம்பி! குடிகாரன் வீட்டுல அத்தனை பேரும் பொய் சொல்லுவாங்கன்னு நீங்கதான வாராவாரம் அங்க பேசறீங்க? குடிகாரன் பொண்டாட்டி சொன்னதை நம்பலாமா? என்னையத் தள்ளிட்டு உள்ள வந்திருக்கலாமே. எட்டடி. இந்தக் கதவுல இருந்து அந்தக் கட்டிலுக்கு எட்டே அடிதான். சத்தம் போட்டு ஒரு தடவை பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமே.

அழாதீங்க. உங்களை அழ வெக்கச் சொல்லல. கேட்டதுக்குச் சொல்றேன்.

ஞாயித்துக்கெழமைக்கு நான் வரலீங்க. வந்தா அந்த மனுசன் எந்திரிச்சு நின்னு பையனைச் சொவத்துல அடிச்சதையெல்லாம் சொல்லுவாரு. கோகிலா வயித்துல புள்ளையோட உக்காந்து கேப்பா. அவருகிட்டச் சொல்லுங்க, வீட்டு விசயத்தை வீட்டுல வெச்சுக்கச் சொல்லி. மெடலை வாங்கிக்கிட்டு நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

நீங்க போனதுக்கப்பறம் நான் உள்ள வந்தேன் தம்பி, அன்னிக்கு. வெளிச் சட்டையோட கட்டில்ல உக்காந்திருந்தாரு. நீங்க பேசுனது அத்தனையும் கேட்டிருக்கு. கதவு தொறந்துதான கெடந்துச்சு. எந்திரிச்சு வந்திருந்தா நான் என்ன, கையையா புடிச்சிருப்பேன்? "போயிட்டாங்களா"ன்னு கேட்டாரு. "போயிட்டாங்க"ன்னேன். சரின்னாரு. இருவத்தாறு வருசத்துல அந்த மனுசன் எனக்குப் பண்ணிக் குடுத்த சத்தியத்துல, கற்பூரம் அணைச்ச அது ஒண்ணைத்தான் தம்பி கடைசி வரைக்கும் காப்பாத்துனாரு.